தீவகத்தின் மின்வலு: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டின் மின்வலுக் கொள்கை பொறியியலாளரின் கணக்கீட்டினால் மட்டும் உருவாவதன்று. முதலீடு எவருடையது, எரிபொருள் எங்கிருந்து வருகின்றது, தீர்மானிக்கும் உரிமை எவரிடம் உள்ளது என்னும் வினாக்களுக்கான விடைகளே அதன் திசையை நிர்ணயிக்கின்றன. எண்ணெயை விடுத்துக் காற்றையும் ஞாயிற்றொளியையும் நாடும் முயற்சியும் இதற்கு விலக்கன்று. யாழ்ப்பாணத் தீவகத்தைச் சேர்ந்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றின் அண்மைக்கால அனுபவம் இதனைத் தெளிவுறுத்துகின்றது.

தீவகத்தார்க்குக் காற்று புதியதொரு வலுமூலமன்று. ஊர்காவற்றுறை பாய்க்கப்பல்களின் துறைமுகமாக விளங்கிய காலத்தில், சோளகமும் வாடையுமே வாணிபப் பருவங்களை வகுத்தன. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணைத்தீவு லைடன் ஆயிற்று. அனலைதீவு றொட்டர்டாம் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்னும் பெயர் ஆங்கில வழக்கில் இன்றும் நிலைத்துள்ளது. கடல்வழியைக் கட்டுப்படுத்த விழைந்த அரசுகளுக்கு இச்சிறு நிலங்கள், தம் பரப்பளவை மிஞ்சிய முக்கியத்துவம் உடையனவாயின என்பதற்கு இப்பெயர்களே சான்றாகும்.

இலங்கையின் தேசிய மின்வலு நீரை அடித்தளமாகக் கொண்டே வளர்ந்தது. நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின் பெறலாம் என்பதை டி. ஜே. விமலசுரேந்திர 1918 இலேயே எடுத்துரைத்தார். எனினும், லக்சபான நிலையம் 1950 இலேயே இயங்கத் தொடங்கியது. 1996 இன் வரட்சியும் நீண்ட மின்வெட்டும் நீரை மட்டும் நம்பியிருந்த நிலையின் பலவீனத்தை வெளிப்படுத்தின. அதன்பின் எண்ணெயின் பங்கு பெருகியது. 2011 இல் நுரைச்சோலையில் நிலக்கரி மின்னுற்பத்தி ஆரம்பமாகி, 2014 இல் அதன் கொள்ளளவு 900 மெகாவாற்றை எட்டியது. எனவே, 2030 ஆம் ஆண்டளவில் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது என அரசு பின்னர் வகுத்த இலக்கு, முற்றிலும் புதியதொரு பாதை அன்று. கைவிட்ட பாதைக்கு ஓரளவு மீள்வதே எனலாம்.

ஆயின், கடலால் பிரிக்கப்பட்ட சிறு தீவுகளின் நிலை வேறானது. நீர்மின்னின் காலத்திலும் நிலக்கரியின் காலத்திலும் தேசிய மின்வலையமைப்பு இவற்றைச் சென்றடையவில்லை. சிறு குடித்தொகைக்காகக் கடலடி வடம் பதிப்பது செலவு மிக்கது என்பதால், இலங்கை மின்சார சபை ஆங்காங்கே டீசல் மின்பிறப்பாக்கிகளை நிறுவியது. எரிபொருள் படகில் வரவேண்டியிருந்தது. கடல் கொந்தளிப்பும் எண்ணெய்த் தட்டுப்பாடும் தீவின் விளக்குகளை நேரடியாகப் பாதிக்கக்கூடியனவாயின. எண்ணெயின் மற்றொரு விலையைக் குடாநாடு சுன்னாகத்தில் கண்டது. அங்கு அனல்மின் நிலையச் சூழலில் நிலத்தடி நீர் எண்ணெயால் மாசுற்றமை தொடர்பான வழக்கில், பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு உயர் நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தது. கிணற்று நீரையே நம்பி வாழும் மண்ணில் இது சிறிய விடயமன்று.

இப்பின்னணியில், 2021 ஜனவரியில் மூன்று தீவுகளுக்குமான கலப்பு மின்திட்டத்தைச் சீன நிறுவனக் கூட்டொன்றிடம் ஒப்படைக்க அமைச்சரவை அங்கீகாரம் வழங்கியது. நிதி ஆசிய அபிவிருத்தி வங்கியினுடையது. நெடுந்தீவு இராமேஸ்வரத்திலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீற்றர் தொலைவிலேயே உள்ளது. எனவே இந்தியா ஆட்சேபித்ததோடு, மானிய உதவி வழங்கவும் முன்வந்தது. மூன்றாந் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையைக் காரணங்காட்டி வேலை இடைநிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் 2021 டிசம்பரில் அறிவித்தது. அந்நிறுவனம் மாலைதீவில் பன்னிரு தீவுகளுக்கான ஒப்பந்தத்தைப் பெற்றது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 1 கோடியே 10 இலட்சம் டொலர் இந்திய மானியத்துடன், பெங்களூர் நிறுவனமொன்றுக்கான ஒப்பந்தம் கைச்சாத்தானது 2024 மார்ச்சிலேயாகும். அவ்வாண்டு டிசம்பரில் வெளியான இந்திய-இலங்கைக் கூட்டறிக்கையும் இத்திட்டத்தை உரிய காலத்தில் நிறைவேற்றுவது பற்றிப் பேசிற்று. இவ்வல்லரசுப் போட்டியின் இடையில் வந்த 2022 ஆம் ஆண்டு, இலங்கை எண்ணெய் வாங்க அந்நியச் செலாவணியின்றித் தவித்த ஆண்டாகும். காற்றும் வெயிலும் எவரது அனுமதியையும் எதிர்பாராது கிடைத்த அவ்வேளையிலும், அவற்றை மின்னாக்கும் கருவிகள் தலைநகரங்களின் இணக்கத்திற்காகக் காத்திருந்தன.

ஒப்பந்தத்தின் தொழில்நுட்ப விபரமும் நோக்கற்பாலது. மூன்று தீவுகளுக்குமாகச் சூரியசக்தி 1,700 கிலோவாற், காற்று 530 கிலோவாற், மின்கலச் சேமிப்பு 2,400 கிலோவாற் மணி, மாற்றேற்பாடாக டீசல் 2,500 கிலோவாற் எனத் திட்டமிடப்பட்டது. பகலின் வெயிலும் சோளகக் காலத்துக் காற்றும் தருவதை மின்கலங்கள் இரவுக்காகச் சேமிக்கும். முழுமையாக ஏற்றப்பட்ட நிலையில், அவை 300 கிலோவாற் தேவையை எட்டு மணித்தியாலம் தாங்கவல்லன. காற்றும் ஒளியும் நீண்டு குன்றினால் டீசலே துணை. அதன் கொள்ளளவு ஏனைய இரண்டின் கூட்டுத்தொகையையும் விஞ்சுவதால், எண்ணெய் விடைபெறவில்லை. முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு நகர்ந்துள்ளது என்பதே பொருந்தும்.

டென்மார்க்கின் சம்சோ தீவு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1997 இல் அந்நாட்டரசு நடாத்திய போட்டியில், புதுப்பிக்கத்தக்க வலுத்தீவாக அது தெரிவாயிற்று. அங்கு நிறுவப்பட்ட காற்றாலைகளில் விவசாயிகளும் கூட்டுறவாளரும் உள்ளூராட்சி மன்றமும் உரிமை பெற்றனர். காற்று தம் ஊருடையது என்பதோடு, காற்றாலையும் தம்முடையது என்று அம்மக்களால் கூற முடிந்தது. கூட்டுறவு இயக்கத்தில் நீண்ட மரபுடைய யாழ்ப்பாணத்திற்கு இவ்வழி அந்நியமானதன்று.

புதுப்பிக்கத்தக்க சக்திக்கு மாறுவது அவசியம் என்பதில் ஐயமில்லை. ஆனால், எரிபொருளில் விடுதலை பெற்ற தீவு, கருவியிலும் பராமரிப்பிலும் தீர்மானத்திலும் பிறரையே சார்ந்திருப்பின், அம்மாற்றம் பாதியளவினதே. ஒல்லாந்தர் பெயர் சூட்டியபோது தீவகத்தாரின் கருத்து கேட்கப்படவில்லை. 2021 இலும் 2022 இலும் திட்டம் கைமாறியபோது பேசியோர் கொழும்பும் புதுடில்லியும் பீஜிங்குமே. தீவின் இளைஞர் அம்மின்நிலையங்களை இயக்கவும் பழுதுபார்க்கவும் பயிற்சி பெறுதல், வருமானத்திலும் நிருவாகத்திலும் மக்கள் பங்குகொள்ளுதல் ஆகிய இரண்டும் நிறைவேறும்போதே, தீவகத்தின் காற்று தீவகத்தாரின் வலுவாகும்.