பெயர் பெறாத வீரர்: பேரரசும் போர்க்கவிதையும்

இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் முதல் உலகப்போரின்போது திருச்சிராப்பள்ளி மாவட்டத்துள் அடங்கியிருந்தன. திருச்சி காந்தி சந்தை அருகிலுள்ள அப்போரின் (1914–1919) நினைவுக் கல்வெட்டு, சென்றோர் எத்தனை பேர், மாண்டோர் எத்தனை பேர் என்று மட்டுமே கூறுகிறது; பெயர் ஒன்றுகூட இல்லை. அப்போரையொட்டிப் பெல்ஜியத்தை வாழ்த்திய பாரதியார், அக்கவிதையில் அந்நாட்டின் அறத்தைப் போற்றினாரேயன்றி, கடல்கடந்த இந்தியச் சிப்பாயைப் பாடவில்லை. வீழ்ந்தவன் பெயரைக் கல்லில் பொறித்து நடும் மரபுக்குப் புறநானூற்றின் 264ஆம் பாடல் சான்று. அம்மரபிலிருந்து விலகியதைக் காலனியத்தின் விளைவென மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. அரியலூர்ப் பகுதியின் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்ட முதற் குலோத்துங்கனின் வெற்றியைப் பாடும் கலிங்கத்துப்பரணியில் அரசனும் கருணாகரத் தொண்டைமான் முதலிய படைத்தலைவர்களுமே பெயர் பெறுகின்றனர். களத்தில் மடிந்தோரின் பற்களோ பேய்கள் அடும் கூழுக்கு அரிசியாகின்றன.