தற்பொறுப்புத் தொகை: விலங்குக் காப்புறுதி வரலாற்றில் ஒரு நோக்கு

பிரித்தானியாவில் தம் நாய்க்கோ பூனைக்கோ காப்புறுதி செய்துகொண்ட ஒருவர், அவ்விலங்கு நோயுற்று ஆயிரம் பவுண் மருத்துவச் செலவு நேர்ந்தவிடத்து, அவ்வாயிரமும் காப்புறுதி நிறுவனத்திடமிருந்து மீளக் கிடைக்குமென எண்ணினால் ஏமாற்றமே அடைவார். முதல் நூறு பவுணோ அதனையொத்த வேறொரு தொகையோ அவர் பொறுப்பிலேயே விடப்படும். விலங்கு முதுமை எய்தியதாயின், எஞ்சிய தொகையிலும் நூற்றுக்குப் பத்து அல்லது இருபது வீதத்தை அவரே ஏற்கவேண்டி வருதல் பெருவழக்கு. மாதந்தோறும் கட்டுப்பணம் செலுத்திய பின்னரும் தம் தலையில் வந்து விழும் இப்பங்கினைப் பலர் நிறுவனத்தின் தந்திரம் என்றே கருதுவர். நிறுவனத்தாரோ அதனைக் காப்புறுதியின் உயிர்நாடி என்பர். இச்சிறு தொகை எங்கிருந்து வந்தது, யாரைக் கட்டுப்படுத்தற்பொருட்டு வந்தது, இன்று யாரைக் கட்டுப்படுத்துகின்றது என்பன வரலாற்று மாணவர் ஆராய்தற்குரிய வினாக்களாகும்.

முதற்கண் பெயரை நோக்குவோம். ஆங்கிலேயர் இதனை 'எக்ஸெஸ்' என்பர். குறித்த எல்லைக்கு 'மேற்பட்டதை' மட்டுமே காப்புறுதியாளர் தருவார் என்பது அதன் கருத்து. அமெரிக்கர் 'டிடக்டிபிள்', அதாவது கழிக்கப்படுவது, என்பர். பிரெஞ்சுக்காரர் 'ஃபிரான்ஷீஸ்' என்பது காப்புறுதியாளர் பெறும் விடுதலையைக் குறிக்கும். இம்மூன்று பெயரும் பணம் கொடுப்பவரின் மேசையிலிருந்து பார்த்து இடப்பட்டவை. சுவீடன் மொழியிலோ இது 'ஷேல்வ்ரிஸ்க்' எனப்படும். 'தானே ஏற்கும் இடர்' என்பது அதன் நேர்ப்பொருள். இப்பெயரே விலங்கின் உடைமையாளர் நிற்கும் இடத்திலிருந்து பொருளைக் காட்டுதலின், அதனைத் தழுவித் 'தற்பொறுப்புத் தொகை' என இக்கட்டுரையில் வழங்குவோம்.

இதன் ஊற்றுக்கண் விலங்கு மருத்துவத்தில் இல்லை. கடல் வணிகத்தில் உள்ளது. இலண்டன் காப்புறுதியாளர் 1749 ஆம் ஆண்டளவில் தம் கடற்காப்புறுதிப் பத்திரங்களின் அடியில் ஒரு குறிப்பினைச் சேர்க்கத் தொடங்கினர். தானியம், மீன், உப்பு, பழம், மா, விதை ஆகியன இயல்பாகவே கெடுந்தன்மையன. ஆதலின் அவற்றுக்கு நேரும் பகுதிச் சேதத்துக்கு, கப்பல் தரைதட்டினாலன்றி, இழப்பீடு இல்லை என்றனர். சீனி, புகையிலை, சணல், தோல் முதலியவற்றுக்கு நூற்றுக்கு 5 வீதத்துக்குக் குறைந்த சேதமும், ஏனைய பண்டங்களுக்கும் கப்பலுக்கும் 3 வீதத்துக்குக் குறைந்த சேதமும் வணிகரையே சாரும் என்றனர். லொயிட்ஸ் காப்புறுதியாளர் 1779 இல் ஏற்றுக்கொண்ட பத்திர வடிவத்தில் இக்குறிப்பு இடம்பெற்றது. 1906 ஆம் ஆண்டின் கடற்காப்புறுதிச் சட்டத்தின் அட்டவணையிலும் அப்பத்திரம் அச்சாகியது. ஒரு நூற்றாண்டின் வணிகப் பழக்கம் பிறிதொரு நூற்றாண்டின் சட்டமாக உறைந்து நிற்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

எனினும் அக்காலத்து முறை இன்றைய தற்பொறுப்புத் தொகை அன்று. சேதம் 3 வீதத்தை எட்டாவிடின் வணிகருக்கு ஒன்றுமில்லை. எட்டிவிட்டாலோ கழிவின்றி முழுவதும் கிடைக்கும். இரண்டே முக்கால் வீதச் சேதத்துக்கு ஒரு காசும் இல்லை என்பதும், மூன்று வீதத்துக்கு மூன்றும் கிடைக்கும் என்பதும் மனித இயல்புக்கு இடப்பட்ட பெருஞ்சோதனை எனலாம். சேதத்தைச் சிறிது பெருக்கிக் காட்டினால் வாசலைக் கடந்துவிடலாமன்றோ? சேதத்தை அளந்தறிவதற்கு ஆன செலவுகளையும் அவ்வீதக்கணக்கில் சேர்த்தலாகாது என 1906 ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாக விதிக்க நேர்ந்ததும், பொதுச் சேதத்தையும் பகுதிச் சேதத்தையும் கூட்டி எல்லையை எட்டலாகாது எனத் தடுத்ததும், அவ்வாசலில் நெருக்கடி மிகுந்திருந்தமையைக் காட்டுகின்றன. எந்த இழப்பாயினும் குறித்த தொகையைக் கழித்து எஞ்சியதைக் கொடுக்கும் முறையில் இச்சோதனை பெரிதும் தணிகின்றது. பிற்காலத்தில் மோட்டார் வண்டி, வீடு, வளர்ப்பு விலங்கு ஆகியவற்றின் காப்புறுதியில் நிலைபெற்றது இக்கழிவு முறையே.

விலங்குகள் காப்புறுதிக்குள் நுழைந்ததும் முதலிற் கப்பலின் வழியேதான். உயிருள்ள சரக்கு ஏனைய சரக்கைப் போன்றதன்று. புயலடிக்காமலும் அது இறக்கலாம். ஆகவே விலங்குகளின் இயல்பான இறப்பு உடைமையாளரின் பொறுப்பு எனவும், கடலிடரால் நேரும் இறப்பே காப்புறுதியாளரின் பொறுப்பு எனவும் எல்லை வகுக்கப்பட்டது. 1821 இல் தீர்க்கப்பட்ட லோறன்ஸ் எதிர் அபர்டீன் என்னும் வழக்கில், 'இறப்புக்குப் பொறுப்பில்லை' என எழுதப்பட்ட பத்திரத்தின் கீழும், புயலின் கொந்தளிப்பால் மாண்ட விலங்குகளுக்குக் காப்புறுதியாளர் ஈடு செய்ய வேண்டுமென ஆங்கில நீதிமன்றம் கூறியது. 1825 இல் கபே எதிர் லொயிட் என்னும் வழக்கிலும், புயலில் மருண்டு தடுப்புகளை உதைத்துடைத்துக் காயமுற்று இறந்த குதிரைகளுக்கு அவ்வாறே தீர்ப்பாயிற்று. எந்த இழப்பு யாருக்குரியது என்னும் வாதம் இன்றைய நாய்க்காப்புறுதிக் கோரிக்கைகளிலும் தொடர்கின்றது. காப்புறுதி தொடங்குமுன்னரே இருந்த நோய், தொடங்கிய முதல் 14 நாளுக்குள் தோன்றிய நோய் என்றவாறு அதன் சொற்கள் மாறியுள்ளன, அவ்வளவே.

இவ்வெல்லைக்கோடு ஏற்படுத்திய கொடுமையொன்றை ஈண்டு கூறாது செல்லல் நேர்மையாகாது. அடிமை வணிகத்தில் மனிதரும் உயிருள்ள சரக்காகவே எண்ணப்பட்டனர். நோயால் இறந்த அடிமையின் இழப்பு கப்பலுடைமையாளரைச் சாரும். கப்பலைக் காக்கும் அவசியத்தின்பொருட்டுக் கடலில் எறியப்பட்டவரின் இழப்பு காப்புறுதியாளரைச் சாரும். 1781 ஆம் ஆண்டின் இறுதியில் சொங் என்னும் கப்பலில் நூற்று முப்பதுக்கு மேற்பட்ட ஆபிரிக்கர் உயிரோடு கடலில் எறியப்பட்டனர். நீர்ப்பற்றாக்குறையைக் காரணங்காட்டிய உடைமையாளர் தலைக்கு 30 பவுண் வீதம் இழப்பீடு கோரினர். 1783 இல் யூரிமார் உடைமையாளர் பக்கம் தீர்ப்பளித்தனர். மேல்விசாரணையின்போது மான்ஸ்பீல்ட் பிரபு, சட்டத்தின் கண்ணில் இவ்வழக்குக் குதிரைகள் எறியப்பட்ட வழக்கினைப் போன்றதே என யூரிமார் கொண்ட கருத்தினை, அது மனத்தை அதிரச்செய்வது என்று ஒப்புக்கொண்டவாறே, எடுத்துரைத்தார். மறுவிசாரணைக்கு உத்தரவாயிற்றேயன்றி, அக்கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. இழப்பின் எந்தப் பகுதியை யார் சுமப்பது எனப் பத்திரத்தின் மூலையில் எழுதப்படும் சிறுவரி மனிதர் நடத்தையை எத்துணை ஆழமாகத் திருப்பவல்லது என்பதற்கு இதனினும் கொடிய சான்று காப்புறுதி வரலாற்றில் எம் பார்வைக்கு எட்டவில்லை.

நிலத்துக்குத் திரும்புவோம். 1714 இல் இலண்டனின் புறத்தே மாட்டுக்கொள்ளைநோய் பரவியபோது, அரச சத்திரவைத்தியராகிய தொமஸ் பேட்ஸ், நோயுற்ற மாடுகளைக் கொன்றெரிக்க வேண்டுமெனவும், நோயை மறையாது அறிவிக்கும் உடைமையாளருக்குப் பணம் வழங்கவேண்டுமெனவும் கூறினார். பசுவொன்றுக்கு 40 ஷில்லிங் வழங்கப்பட்டது. அது நல்ல பசுவொன்றின் விலையினும் குறைந்த தொகையே. அந்நோய் 1865 இல் மீண்டும் பிரித்தானியாவைத் தாக்கியது. 1866 ஆம் ஆண்டுச் சட்டம், கொல்லப்பட்ட நோயுற்ற மாட்டுக்கு அதன் பெறுமதியில் அரைப்பங்கும் (20 பவுணுக்கு மேற்படாமல்), நோய்கண்ட மந்தையில் நின்ற நலமுள்ள மாட்டுக்கு முக்காற்பங்கும் (25 பவுணுக்கு மேற்படாமல்) ஈடாக வகுத்தது. இவ்விரு விகிதங்களின் வேறுபாடு கூர்ந்து நோக்கற்பாலது. நோய் பற்றுமுன் மாட்டை ஒப்படைப்பவருக்குக் கூடிய பங்கு. பற்றியபின் ஒப்படைப்பவருக்குக் குறைந்த பங்கு. முழுவதையும் அரசே கொடுத்திருப்பின் தொழுவத்தைத் துப்புரவாக வைத்திருக்க யாருக்கும் அக்கறை இராது. ஒன்றும் கொடாதிருப்பின் நோய்கண்ட மாடு இரவோடிரவாகச் சந்தைக்குப் போய்விடும். அச்சட்டத்தை ஆக்கியோர் இவ்விரண்டுக்கும் இடையே தம் கணக்கினை நிறுத்தினர். உடைமையாளரிடம் விடப்பட்ட பங்கு இங்கு ஓரளவேனும் பொதுநலன் கருதியதாயிருந்தது.

அக்காலத்திலேயே இங்கிலாந்தின் கிராமங்களில் பசுச்சங்கங்களும் பன்றிச்சங்கங்களும் இயங்கின. ஒரு பசுவையோ இரண்டு பன்றிகளையோ வைத்திருந்த கூலித்தொழிலாளர் சிறுதொகை செலுத்தி அங்கத்தவராவர். சங்கத்தார் விலங்கைப் பார்வையிட்டுக் குறியிட்டபின்னரே அது காப்புக்குள் வரும். இச்சங்கங்களில் கோரிக்கையை ஆராய்பவர் அடுத்த வீட்டுக்காரர். யாருடைய பசு எவ்வாறு பேணப்பட்டது என்பது ஊருக்கே தெரியும். பொய்க்கோரிக்கைக்குத் தடையாக நின்றது பத்திரத்தின் வாசகமன்று, ஊரார் கண்ணே. பெரிய நிறுவனங்கள் தோன்றி, காப்புறுதியாளரும் உடைமையாளரும் ஒருவரையொருவர் ஒருபோதும் காணாத நிலை ஏற்பட்டபோது அக்கண் மறைந்தது. அது செய்துவந்த வேலையின் ஒரு பகுதி தற்பொறுப்புத் தொகையிடம் ஒப்படைக்கப்பட்டது என்பது எமது கருத்து.

வளர்ப்பு விலங்குக் காப்புறுதி இப்பண்ணைக் காப்புறுதியின் கிளையே. சுவீடனில் 1890 இல் குதிரைகளுக்கும் கால்நடைகளுக்குமாகத் தோன்றிய நிறுவனமே இன்று அக்றியா எனப்படுகின்றது. 1924 இல் அந்நாட்டில் நாயொன்றுக்குக் காப்புறுதி வழங்கப்பட்டது. பிரித்தானியாவில் 1947 இல் இத்தகைய பத்திரம் விற்கப்பட்டதாயினும், 1976 இல் பெட்பிளான் நிறுவப்பட்ட பின்னரே இத்தொழில் அங்கு விரிவடைந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 1980 இல் கலிபோர்னியாவின் விலங்கு மருத்துவர் சிலர் நிறுவனமொன்றை ஆரம்பித்தனர். 1982 இல் அது வழங்கிய முதற்பத்திரம் லாஸி என்னும் புகழ்பெற்ற திரைப்பட நாய்க்கு உரியது என்பது சுவையான செய்தி.

இன்றைய முறையில் சிக்கல்கள் கணக்கிடும் வகையில் மறைந்துள்ளன. ஆயிரம் பவுண் செலவில் 100 பவுண் நிலையான தொகையும் 20 வீதப் பங்கும் உடைமையாளருக்கு உரியன எனக் கொள்வோம். நூறைக் கழித்தபின் வீதத்தைக் கணித்தால் அவருக்கு 720 பவுண் கிடைக்கும். வீதத்தை முதலிற் கணித்துப் பின் நூறைக் கழித்தால் 700 பவுணே கிடைக்கும். இவ்வரிசை பத்திரத்துக்குப் பத்திரம் வேறுபடும். அன்றியும், பிரித்தானியாவில் இத்தொகை பெரும்பாலும் ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியே கழிக்கப்படும். ஒரே ஆண்டில் தோல்நோயும் காலுடைவும் கண்ட நாய்க்கு இருமுறை கழிவு. தோல்நோய் அடுத்த ஆண்டும் நீடிப்பின் மீண்டும் கழிவு. சுவீடனிலோ ஏறத்தாழ நான்கு மாத அளவான கணக்குக் காலமொன்றுக்கு நிலையான தொகை ஒருமுறையே கழிக்கப்படுதல் வழக்கம். ஒரு முழங்காலின் தசைநார் அறுந்தபின் மறு முழங்காலின் தசைநார் அறுமாயின் அது ஒரே நோயா, இரண்டா? ஒன்றெனின் ஒரு கழிவே. ஆயினும் முன்னரே இருந்த நோயெனக் கோரிக்கை முற்றாக மறுக்கப்படும் அபாயமும் அதனுள் உண்டு.

கோட்பாட்டு நிலையில் இத்தொகைக்கு வலுவான ஆதரவளித்தவர் கெனத் ஆரோ. 1963 இல் மருத்துவப் பொருளியல் பற்றி அவர் எழுதிய கட்டுரை, காப்புறுதியாளர் செலவுக்கும் சேர்த்துக் கட்டுப்பணம் அறவிடும்போது, குறித்த எல்லைவரை தாமே ஏற்று அதற்கு மேற்பட்டதற்கு முழுக்காப்பும் பெறுதல் காப்புறுதி செய்வோருக்கு நலமானது எனக் காட்டிற்று. சில்லறைக் கோரிக்கைகளைக் கையாளும் செலவு குறையும் என்பதும், பேரிடருக்கே காப்புறுதி என்பதும் எவரும் மறுக்கவொண்ணாதவை. ஆனால் இவ்வாதத்துக்குள் ஓர் எடுகோள் உண்டு: அவ்வெல்லைத் தொகையைத் தாங்கும் வலிமை உடைமையாளரிடம் இருக்கின்றது என்பதே அது. 1749 இன் வணிகருக்கு அவ்வலிமை இருந்தது. ஓய்வூதியத்தில் வாழும் முதியவருக்கு அது இல்லாதிருக்கலாம்.

மனிதர் மருத்துவத்தைப் பற்றி அமெரிக்காவில் 1974 முதல் 1982 வரை றான்ட் நிறுவனம் நடத்திய பெருஞ்சோதனை இவ்விடத்து உதவும். செலவில் பங்கேற்க வேண்டியிருந்தோர் மருத்துவத்தைக் குறைவாக நாடினர். ஆனால் தேவையற்ற மருத்துவத்தைக் குறைத்த அளவுக்குத் தேவையானதையும் குறைத்தனர். வீண்செலவைத் தடுக்கும் அணை நல்ல நீரையும் தடுத்தது. விலங்கின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. செலவினைத் தாங்கவியலாத உடைமையாளர் குணப்படுத்தத்தக்க விலங்கையும் ஊசியேற்றிக் கொல்லச் சம்மதிப்பதை மருத்துவர்கள் 'பொருளாதாரக் கருணைக்கொலை' என்பர். தற்பொறுப்பின் பேரால் மனிதர் கணக்குப் பார்க்கின்றனர். அக்கணக்கின் விளைவை ஏற்பதோ கணக்கறியாத விலங்கு.

தற்பொறுப்புத் தொகையைக் கூட்டினால் கட்டுப்பணம் குறையும் என்னும் தெரிவும் வறியோரையே முதலில் ஈர்க்கின்றது. மாதக் கட்டணத்தைக் குறைக்க விரும்பும் குடும்பம் 250 பவுண் தற்பொறுப்பை ஏற்குமாயின், நோய் வரும் நாளில் அப்பணம் கையில் இருந்தாலன்றிக் காப்புறுதி பயன்படாது. இதற்கிடையே மருத்துவச் செலவும் ஏறிவந்துள்ளது. பிரித்தானியாவில் மருத்துவரல்லாதாரும் விலங்கு மருத்துவ நிலையங்களை உடைமையாக்கலாமென 1999 இல் விதி தளர்த்தப்பட்டது. 2013 இல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நிலையங்களைக் கொண்டிருந்த பெருநிறுவனங்கள் பத்தாண்டுக்குள் ஏறத்தாழ பத்தில் ஆறு பங்கினைத் தம்வசமாக்கின. அந்நாட்டின் போட்டி ஆணையம் 2024 மே மாதத்தில் இச்சந்தை பற்றி முறையான விசாரணை தொடங்கியது. வறியோரின் விலங்குகளுக்கு இலவசமாக மருந்திட 1917 இல் மரியா டிக்கின் இலண்டனின் வைற்சப்பலில் திறந்த மருத்துவ நிலையத்திலிருந்து வளர்ந்த அறநிறுவனம் ஒரு நூற்றாண்டு கடந்தும் பணிபுரிகின்றது. அரச உதவிப் பணம் பெற்று வாழ்வோர் பலர் இன்றும் தம் நாய்களையும் பூனைகளையும் அங்கேயே கொண்டு செல்கின்றனர்.