கட்டியங்காரன் மருத்துவக் கல்லூரிக்குப் போன கதை



என்னிடம் படித்தவர்களில் இன்று செவிலியர்களாகவும் மருத்துவர்களாகவும் மருந்தாளுநர்களாகவும் பலர் இருக்கிறீர்கள். உங்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். எப்படியும் நாம் எல்லோரும் ஒரு நாள் அந்த நீள பெஞ்சில் டோக்கனோடு உட்காரப் போகிறவர்கள்தானே.

மருத்துவப் படிப்புக்குள் நடிப்பு நுழைந்ததற்குக் காரணம் ஒரு நோயாளியின் கோபம் என்று சொன்னால் நம்புவீர்களா? அமெரிக்காவில் ஹோவர்ட் பரோஸ் என்று ஒரு நரம்பியல் மருத்துவர் இருந்தார். அவர் நியூயார்க்கில் பயிற்சி பெற்ற காலத்தில், தேர்வு எழுதும் மருத்துவர்கள் சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு நோயாளியை அழைத்து வந்திருந்தார்கள். ஒரு மருத்துவர் அவரை முரட்டுத்தனமாகக் கையாண்டார். நோயாளி வாய் திறக்கவில்லை. ஆனால் அந்த மருத்துவருக்கு மட்டும் தன் நோய்க்குறிகளை மாற்றிக் காட்டிவிட்டார்! பிறகு இதை அவரே பரோஸிடம் சொல்லியிருக்கிறார். நோயாளியால் நடிக்க முடியும், தன்னை நடத்திய விதத்தைப் பற்றித் தீர்ப்பும் சொல்ல முடியும் என்பது பரோஸின் மனத்தில் தங்கிவிட்டது.

1963ல் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் அவர் அதைச் செய்து பார்த்தார். ஓவிய வகுப்புகளில் மாடலாக இருந்த ரோஸ் மெக்வில்லியம்ஸ் என்ற பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து, கால் செயலிழந்த நரம்பு நோயாளியாக நடிக்க வைத்தார். மாணவர் சோதித்து முடித்ததும், அவர் தன்னை எப்படி நடத்தினார் என்று அந்தப் பெண் எழுதிக் கொடுப்பார். மருத்துவப் படிப்புக்குள் ஹாலிவுட் புகுந்துவிட்டது என்று கேலி செய்தார்கள். ஆனால் பின்னாளில் அதுவே பெரிய தேர்வு முறையாகிவிட்டது. 2004 முதல் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வில் நடிகர்களே நோயாளிகளாக வந்தார்கள். கட்டணம் ஆயிரம் டாலருக்கு மேல். கொரோனா வந்ததும் நிறுத்தினார்கள். 2021ல் கைவிட்டே விட்டார்கள்.

எனக்கு அந்த முறையில் ஒரு மனத்தாங்கல் உண்டு. மதிப்பெண் என்று வந்துவிட்டால் நம் பிள்ளைகள் எதையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். "உங்க வலி எனக்குப் புரியுதும்மா" என்பதையும் ஐந்து மதிப்பெண் வினாவாகப் படித்துவிட்டு வருவார்கள். நாற்பது பேர் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு வாத்தியாருக்கு இது தெரியாதா!

எனக்குப் பிடித்தது இன்னொரு பாதை. அது பிரேசிலில் தொடங்குகிறது. ஆகுஸ்தோ போவால் என்ற நாடக இயக்குநர் 1971ல் ராணுவ ஆட்சியால் கைதுசெய்யப்பட்டு, பிறகு நாட்டைவிட்டு வெளியேறினார். 1973ல் பெரு நாட்டில் எழுத்தறிவு இயக்கத்தில் வேலை செய்தார். நம் அறிவொளி இயக்கத்தில் இருந்தவர்களுக்கு அந்தச் சூழல் எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே கணவன் மனைவியை ஏமாற்றும் கதையை நடித்துவிட்டு, மனைவி இப்போது என்ன செய்யலாம் என்று பார்வையாளர்களைக் கேட்டார்கள். ஒரு பெண் ஒரு யோசனை சொன்னார். நடிகர்கள் எத்தனை முறை நடித்துக் காட்டினாலும் அவருக்குத் திருப்தி இல்லை. "நீங்களே மேலே வந்து செய்யுங்கள்" என்றார் போவால். அந்த அம்மா மேடையேறித் துடைப்பத்தை எடுத்து, கணவனாக நடித்தவரை வெளுத்து வாங்கிவிட்டு, போய்ச் சாப்பாடு கொண்டுவா என்று அடுப்படிக்கு அனுப்பினாராம். பார்வையாளரே மேடைக்கு வந்து கதையை மாற்றிப் பார்க்கும் அரங்கு அப்படித்தான் பிறந்தது என்று போவாலே எழுதியிருக்கிறார்.

இந்த அரங்கில் 'ஜோக்கர்' என்று ஒருவர் உண்டு. நாடகத்துக்கும் பார்ப்பவர்களுக்கும் நடுவில் நிற்பவர். நாடகத்தை நிறுத்துவார், கேள்வி கேட்பார், கூட்டத்திலிருந்து ஆளை அழைப்பார். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் மாவட்டத்துப் புரிசையில் கூத்துப் பார்த்தவர்களுக்கு இவர் யார் என்று தெரியும். திரைக்கு முன்னால் நின்று, "யாருய்யா நீ?" என்று துரியோதனனையே கேட்கிற நம் கட்டியங்காரன்தான்! இருவரும் வேறுவேறு மண்ணில் முளைத்தவர்கள், ஆனால் பார்க்கிற வேலை ஒன்று.

இந்தியாவில் 1985ல் தொடங்கிய மேற்கு வங்கத்தின் ஜன சன்ஸ்கிருதி குழு இந்த அரங்கைக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றது. மருத்துவக் கல்லூரிக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பெங்களூரின் ராதா ராமசாமி. ஆங்கிலம் கற்பித்த ஆசிரியை. நம் ஜாதி என்று சொல்லிக்கொள்கிறேன், அதாவது வாத்தியார் ஜாதி. கணவர் ரவியோடு சேர்ந்து 2011ல் சமூக உரையாடலுக்கான ஒரு மையத்தைத் தொடங்கினார். டெல்லியில் குரு தேக் பகதூர் மருத்துவமனையோடு இணைந்த மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகக் கல்லூரியில், 2009 முதலே மருத்துவத்தையும் கலை இலக்கியத்தையும் இணைத்துப் பார்க்கும் ஒரு குழு இயங்கிவந்தது. நவ்ஜீவன் சிங், சத்தேந்திர சிங் போன்ற பேராசிரியர்கள் அதில் இருந்தார்கள். சத்தேந்திர சிங் போலியோவால் பாதிக்கப்பட்டவர். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக வழக்காடுபவர். அவர்கள் ராதா ராமசாமியை அழைத்து மாணவர்களுக்குப் பயிலரங்கு நடத்தினார்கள்.

இதில் முதல் படி பேச்சே இல்லாதது. உடம்பால் சிலை வடிக்க வேண்டும். 'வார்டு ரவுண்ட்ஸ்' என்று ஒரு சிலை செய்யச் சொன்னால் என்ன வரும் என்று யோசித்துப் பாருங்கள். நடுவில் பேராசிரியர், பின்னால் வரிசையாக மாணவர்கள், ஓரத்தில் செவிலியர். எல்லோர் கண்ணும் கேஸ் ஷீட்டில். நோயாளி மட்டும் கீழே, முகட்டைப் பார்த்தபடி. யார் எந்த உயரத்தில், எந்தத் திசை பார்த்து நிற்கிறார்கள் என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். அடவு கட்டி ஆடுகிறவர்களுக்கு இது பழைய செய்தி.

அடுத்த படிதான் முக்கியம். நம் ஊர்க் காட்சி ஒன்றை வைத்துச் சொல்கிறேன். ஒரு பட்டு நெசவாளி இடுப்பு வலியோடு வருகிறார். டாக்டர் நிமிராமலே, "கீழ உட்காரக் கூடாது, ஒரு மாசம் ரெஸ்ட்" என்கிறார். இவர் "சரிங்க டாக்டர்" என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்க் குழித்தறியில் இறங்குகிறார். வாங்கிய முன்பணம் இருக்கிறதே! இப்போது கட்டியங்காரன் நாடகத்தை நிறுத்துகிறார். பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவ மாணவர் மேலே வர வேண்டும். ஆனால் டாக்டர் நாற்காலியில் அவருக்கு இடம் கிடையாது. நெசவாளியின் ஸ்டூலில்தான் உட்கார வேண்டும். டாக்டர் திடீரென்று நல்லவராக மாறிவிட்டார் என்று கதையை முடிக்கவும் முடியாது. "இது நடக்குமா?" என்று கட்டியங்காரன் கூட்டத்தைக் கேட்பார். டாக்டர் மாறாமல் அப்படியே இருக்க, "நான் தறி நெய்யறவங்க, உட்காராம எப்படிங்க?" என்ற ஒரு வரியைச் சொல்லி முடிக்க அவர் படாத பாடு படுவார். பின்னால் வரிசை நிற்கும், மணி அடிக்கும், சீட்டு கைக்கு வந்துவிடும். கட்டில் பக்கம் நின்று ஆயிரம் பேரைப் பார்த்தாலும் கிடைக்காத பாடம் அந்த ஸ்டூலில் கிடைக்கும்.

2019ல் சேர்ந்த மாணவர்களிலிருந்து இந்திய மருத்துவப் படிப்பில் மனப்பாங்கு, அறநெறி, தகவல் தொடர்பு ஆகியவை கட்டாயப் பாடமாகிவிட்டன. 'ஏட்காம்' என்கிறார்கள். நடித்துப் பார்ப்பதற்கும் அதில் இடம் இருக்கிறது. அந்த மணிநேரத்தை எப்படிச் செலவிடுவது என்பது ஆசிரியர் கையில். வேலூர் போகாமல் திருவண்ணாமலையிலேயே 2013 முதல் நமக்கு அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கூத்துக் கலைஞர்களோ பக்கத்திலேயே இருக்கிறார்கள், ஆடி மாதம் முடிந்தால் பலருக்கு வேலையும் குறைவு.

2019க்குப் பிறகு மருத்துவமோ நர்சிங்கோ படித்த பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இப்படி ஏதாவது நடித்தீர்களா என்று எழுதுங்கள். நடித்திருந்தால், எந்தப் பக்கம் உட்கார்ந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.