பேர் போடாத பாட்டுகள்



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீ ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

சென்ற தவணையில் எங்கள் வகுப்பு மாணவி ஒருத்தி தன் அப்பாயி பாடிய தாலாட்டு ஒன்றை, லயத்து இஸ்தோப்பில் உட்கார வைத்து போனில் பதிவு செய்து டிக்டொக்கில் போட்டிருந்தாள். சில வாரம் கழித்து அதே குரல் வேறொரு பக்கத்தில் வந்தது. பின்னால் தாளம் சேர்த்திருந்தார்கள். இலட்சக் கணக்கில் பார்வை. அப்பாயியின் பெயர் இல்லை, தோட்டத்தின் பெயர் இல்லை, பிள்ளையின் பெயரும் இல்லை. கேட்டு எழுதியபோது அவளை "ப்ளொக்" செய்துவிட்டார்கள்.

அவள் வகுப்பில் எழுந்து கேட்டாள்: "சேர், பாடினது எங்க அப்பாயி. அவங்க பேரு எங்கயுமே இல்லையே, அது சரியா?"

அன்று எங்களுக்குச் சரியான பதில் சொல்ல வரவில்லை. பிறகு புத்தகங்களைப் புரட்டினோம், மூத்தவர்களிடம் கேட்டோம். அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய பதில்தான் இந்தப் பதிவு.

இசை கேட்பது பற்றி எங்கள் சமூகத்தில் வெவ்வேறு கருத்துகள் உண்டு என்பது தெரியும். இங்கே பேசுவது அதைப் பற்றியல்ல. ஒருவர் உழைப்பில் உண்டான ஒன்றுக்கு யார் பெயர், யார் கூலி என்பதைப் பற்றி.

*

மலையகத்துப் பாட்டு விலைக்கு வந்த பொருளாகத் தொடங்கவில்லை. கொழுந்து மலையில், தொட்டிலடியில், சாவு வீட்டில், மாசி மாதத்துக் காமன் கூத்தில் பிறந்தது. விடியற்காலையில் பெரட்டுக்குக் கூப்பிட்டதும் தப்புதான், சாமி கும்பிட அடித்ததும் தப்புதான். யார் கட்டிய பாட்டு என்று யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பாடுபவரும் கேட்பவரும் ஒரே லயத்து ஆட்கள்.

எங்கள் பக்கமும் அப்படித்தான். நோன்பு மாதத்தில் ஸஹருக்கு எழுப்ப தப்ஸ் அடித்துப் பாடி வந்த பக்கீர் பாவாக்களின் குரல் எங்கள் வயதுக்காரர் பலருக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவர்களில் ஒருவரின் பெயராவது நமக்குத் தெரியுமா?

இந்தப் பாட்டுகளை முதலில் எடுத்துச் சென்ற இயந்திரம் அச்சு. 1869ல், தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்திலேயே, ஆபிரகாம் ஜோசப்பின் "கோப்பிக் கிருஷிக் கும்மி" அச்சாகிவிட்டது. 1930களில் ஹட்டனை மையமாக வைத்துத் தொழிற்சங்கம் நடத்திய கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், தொழிலாளரின் நிலையைப் பாட்டாக எழுதிக் கூட்டங்களில் தானே பாடினார், சிறு புத்தகமாகவும் வெளியிட்டார். அதன் பின்னே பாட்டுப் புத்தகக்காரர்கள் வந்தார்கள். கோவிந்தசாமித் தேவர், ஜில் சுல்தான் போன்ற பெயர்கள் மலையக இலக்கிய வரலாற்றில் பதிவாகியிருக்கின்றன. பஸாரிலும் திருவிழாவிலும் சம்பள நாளிலும் பாடிக்காட்டி, சில சதத்துக்குப் புத்தகத்தை விற்ற காலம் அது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த மெல்லிய புத்தகத்தின் அட்டையில் எழுதியவர் பெயர் இருந்தது. விற்ற காசு அவர் மடிக்கே போனது. நம் பாட்டு வியாபாரத்தில் பேரும் காசும் ஒரே கையில் சேர்ந்திருந்த காலம் என்றால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

*

அடுத்து வானொலி. 1925 டிசம்பரில் தொடங்கிய கொழும்பு வானொலி, 1950ல் வர்த்தக சேவையைத் தொடங்கியது. எஸ்.பி. மயில்வாகனம் முதல் கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், நம்முடைய பி.எச். அப்துல் ஹமீத் வரை எத்தனை குரல்கள். தமிழகத்துச் சினிமாப் பாட்டைத் தமிழகமே இலங்கையிலிருந்து கேட்ட காலம்.

தோட்டங்களில் ரேடியோ இருந்த வீட்டு வாசலில் லயமே கூடியது. நேயர் விருப்பத்துக்குத் தபாலட்டை போட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள் இந்தப் பதிவை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள். "இன்ன தோட்டம், மேற்பிரிவு, இன்னார்" என்று தன் பெயர் காற்றில் வரும்போது வந்த சந்தோஷத்தை எங்கள் மூத்தவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஆனால் யோசித்துப் பார்த்தால், தோட்டத்து மனிதரின் பெயர் வானொலியில் வந்தது பெரும்பாலும் பாட்டைக் கேட்டவராகத்தான், பாட்டைத் தந்தவராக அல்ல. கொழுந்து மலைப் பாட்டுகளை ஒருவர் தேடித் தேடி எழுதிவைத்தார். அவர் 1947ல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை. அவருடைய "மலைநாட்டு மக்கள் பாடல்கள்" புத்தகமாக வந்தது 1987ல். அவர் 1984லேயே மறைந்துவிட்டார்.

1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்தது. மத்திய கிழக்குக்குப் போன நம் பெண்கள் திரும்பி வரும்போது டூ-இன்-வன் ரேடியோவும் கெசட்டும் வந்தன. பஸாரில் ரெக்கோடிங் பார்கள் முளைத்தன. பிடித்த பாட்டுகளைத் தாளில் எழுதி, அறுபது நிமிடமோ தொண்ணூறு நிமிடமோ ஓடும் வெறும் கெசட்டோடு கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். ஒரு பக்கத்தில் இளையராஜா, மறுபக்கத்தில் நாகூர் ஹனிபா என்று எங்கள் வாப்பா பதிந்து வைத்த கெசட் இன்றும் வீட்டில் இருக்கிறது, போட்டுக் கேட்கத்தான் இயந்திரம் இல்லை.

நாங்கள் கல்வியியற் கல்லூரியில் பயிற்சி பெற்ற காலத்தில் அதுவும் மாறிவிட்டது. கடைக்காரரிடம் கணினி இருந்தது, நம்மிடம் விரல் நகமளவு "சிப்" இருந்தது. நூறு ரூபாய்க்குள் நூற்றுக் கணக்கான பாட்டு. விடுதியில் ப்ளூடூத் போட்டால் அதுவும் இலவசம். ரெக்கோடிங் பார் வைத்திருந்தவர்கள் போன் ரீலோட் கடைக்கு மாறினார்கள். சிலர் கடையையே மூடினார்கள். ஒவ்வொரு இயந்திரமும் முந்தியதை விழுங்கியது. எழுதியவருக்கும் பாடியவருக்கும் அதில் ஒரு சதமும் போய்ச் சேரவில்லை என்பதை அன்று நாங்கள் நினைத்துப் பார்க்கவே இல்லை. அந்தக் குற்றத்தில் எங்களுக்கும் பங்குண்டு.

*

இப்போது நம் காலம். கெசட்டும் சீடியும் இல்லை. பாட்டை யாரும் வாங்குவதில்லை, கேட்டுவிட்டுப் போகிறோம். 2023ல் உலகப் பதிவிசை வியாபாரத்தின் வருமானம் ஏறத்தாழ 2,860 கோடி அமெரிக்க டொலர். அதில் மூன்றில் இரண்டு பங்கு இணையத்தில் கேட்பதால் மட்டும் வந்தது. ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு வந்தது 2021 பெப்ரவரியில்.

அடுத்த மாதம், மார்ச் 7ஆம் திகதி, ஒரு பாட்டு வெளியானது. "என்ஜாய் எஞ்சாமி". தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பில், "மாஜா" என்ற புதிய நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. நம் வகுப்புப் பிள்ளைகள் தொடக்கம் கனடா வரை பாடாதவர் இல்லை. யூடியூபில் மட்டும் 40 கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டது.

அந்தப் பாட்டின் வேர் எங்கே இருக்கிறது? அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எண்ணிக்கை பேசி முடித்தார்களே, அந்தக் கணக்கில் கப்பலேறிய தலைமுறை. அவர் பேரனுக்குச் சொன்ன கதைகளிலிருந்துதான் அந்தப் பாட்டு எழுந்தது என்று அறிவு சொல்லியிருக்கிறார். அதாவது உலகம் முழுக்க ஓடிய அந்தப் பாட்டின் ஒரு பங்கு நம் மலையில் விளைந்தது.

அதே மார்ச் மாதத்தில்தான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அந்த ஆயிரத்துக்காக எத்தனை வருடம் போராடினோம் என்பதை இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு நடந்ததும் தெரிந்ததுதான். 2021 ஓகஸ்டில் ஒரு பிரபல இசைச் சஞ்சிகையின் அட்டையில் அறிவு இல்லை என்ற சர்ச்சை. 2022 ஜூலையில் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் மேடையில் அந்தப் பாட்டு ஒலித்தபோது அறிவு இல்லை. யார் எழுதியது, யார் மெட்டமைத்தது என்று பொதுவெளியில் விளக்கங்கள். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், இந்தப் பாட்டால் தங்கள் மூவருக்கும் இதுவரை ஒரு வருமானமும் வரவில்லை என்று வீடியோவில் சொன்னார். நிறுவனம் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையல்ல. உலகமே அறிந்த கலைஞர்களுக்கே இந்த நிலை என்றால், இஸ்தோப்பில் உட்கார்ந்து பாடும் அப்பாயிக்கு என்ன கதி என்பதுதான் எங்கள் கவலை.

*

இந்தப் புதிய வியாபாரம் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தோட்டத்துப் பாஷையில் சொன்னால் உடனே விளங்கும்.

நம் தோட்டத்தில் கூலிக்கே "பேர்" என்றுதான் பெயர். செக்ரோலில் பேர் விழுந்தால்தான் சம்பளம். சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். மலையில் நாள் முழுக்க நின்றாலும் செக்ரோலில் பேர் இல்லையென்றால் நீங்கள் வேலைக்கு வரவில்லை என்றுதான் கணக்கு.

இணையப் பாட்டுக்கும் ஒரு செக்ரோல் உண்டு. ஒவ்வொரு பாட்டோடும் எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், பதிவின் உரிமையாளர் யார் என்ற விபரம் சேர்ந்தே போகிறது. சந்தாவும் விளம்பரமும் ஒரே பானையில் விழுகின்றன. யாருடைய பாட்டு எத்தனை முறை கேட்கப்பட்டது என்று பார்த்து, அந்த விபரத்தில் உரிமையாளர் என்று இருப்பவருக்குப் பங்கு போகிறது. பாடியவருக்கு அல்ல, பதிவில் பெயர் உள்ளவருக்கு. அதற்குள்ளும் கிலோக் கணக்கு உண்டு: 12 மாதத்தில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாத பாட்டின் ஒலிப்பதிவுக்கு ஸ்பொட்டிஃபை 2024 முதல் பணம் கொடுப்பதில்லை. அங்கே அரைப் பேர்கூட இல்லை.

இயந்திரம் கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. முன்பு ஒரு பாட்டைப் பதிய வேண்டுமென்றால் கொழும்புக்கோ சென்னைக்கோ போக வேண்டும். இன்று லயத்துப் பிள்ளையின் கையிலேயே பதிவுக் கூடமும் வானொலி நிலையமும் இருக்கின்றன. மலையகப் பிள்ளைகள் சொந்தமாகப் பாட்டெழுதி வெளியிடுவதைப் பார்க்கையில் பெருமையாக இருக்கிறது. ஆனால் வாசல் திறந்திருப்பதால் மட்டும் வீடு நம்முடையது ஆகிவிடாது. இருநூறு வருடம் இருந்த லயத்துக்கே உறுதிப் பத்திரம் இல்லாத நமக்கு இதை வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

*

அந்தப் பிள்ளைக்கு எங்கள் பதில் இதுதான்.

மகள், தாலாட்டு எல்லோருடையதும்தான். அதை உன் அப்பாயி தனியாகக் கட்டவில்லை, அவருக்கு அவர் அம்மா சொல்லிக்கொடுத்தது. ஆனால் அந்தக் குரல், அந்தப் பாடிய விதம், அது அப்பாயியுடையது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், பாடுபவருக்குத் தன் பாடலின் மீது உரிமை தந்திருக்கிறது. நாட்டார் கலையைப் பொதுவில் பயன்படுத்தும்போது அது எந்தச் சமூகத்திலிருந்து, எந்த இடத்திலிருந்து வந்தது என்று குறிப்பிட வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே நீ கேட்டது பிச்சையல்ல, உரிமை.

ஊர் உறவுகளிடம் எங்கள் வேண்டுகோளும் பெரிதல்ல.

வீட்டில் பாடத் தெரிந்த மூத்தவர் இருந்தால் இந்த விடுமுறையிலேயே பதிந்து வையுங்கள். பாட்டு தொடங்கும் முன் அவரே தன் பெயர், தோட்டம், பிரிவு, யாரிடம் கற்றார் என்று சொல்லட்டும். திகதியையும் சொல்லுங்கள். மூலப் பதிவை அழிக்காமல் இரண்டு இடத்தில் வையுங்கள். போடும் முன் அவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் போடாதீர்கள். அடுத்தவர் பதிவைப் பகிரும்போது பெயரை வெட்டாதீர்கள். சொந்தமாகப் பாட்டெழுதும் தம்பி தங்கைகளே, ஒப்பந்தம் என்று ஒரு தாளை நீட்டினால், வாசித்து விளங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நம் முன்னோர் விளங்காமல் கைநாட்டு வைத்த தாள்கள் போதும்.

அறிவு 2024ல் வெளியிட்ட இசைத் தொகுப்புக்கு வைத்த பெயர் "வள்ளியம்மா பேராண்டி". ஒரு பேரன் தன் பாட்டியின் பெயரைத் தானே செக்ரோலில் எழுதிவிட்டான் என்றுதான் எங்களுக்குத் தோன்றியது.

எங்கள் மாணவியும் சும்மா இருக்கவில்லை. போன வாரம் அப்பாயியை மறுபடி இஸ்தோப்பில் உட்கார வைத்தாள். இம்முறை பாட்டுக்கு முன்னால் அப்பாயி தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரட்டில் பேர் கொடுப்பதைப் போலத் தன் முழுப் பெயரையும் அப்பா பெயரையும் தோட்டத்தையும் பிரிவையும் சொல்கிறார். அந்தப் பதிவு இப்போது எங்கள் பாடசாலைக் கணினியில் பத்திரமாக இருக்கிறது. அவர் விருப்பப்படி இங்கே போடவில்லை.

உங்கள் வீட்டுப் பாட்டுக்காரர் யார்? பின்னூட்டத்தில் அவர் பெயரையும் தோட்டத்தையும் எழுதுங்கள். பாட்டு பிறகு வரட்டும், முதலில் பேரைப் போடுவோம்.