உப்பும் சர்க்கரையும் காத்த உயிர்கள்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பழவேற்காடு. இங்குள்ள ஏரி தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் பரந்து கிடக்கிறது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி இதுவே. மழைக்காலத்தில் ஆற்று நீர் வந்து கலப்பதால் ஏரியின் உப்பு குறையும். கோடையிலோ சில இடங்களில் கடல்நீரையும் மிஞ்சிவிடும். இந்த ஏரிக்கரைக் குப்பங்களில் உப்பைப் பற்றி யாருக்கும் பாடம் சொல்லத் தேவையில்லை. மீனில் உப்பைத் தடவி வைத்தால் சற்று நேரத்தில் மீனிலிருந்து நீர் கசிந்து வெளியேறும். பிறகு அது வெயிலில் காய்ந்து கருவாடாகும். அங்குள்ள சிறுவர்களும் அறிந்த செய்தி இது. உப்பு இருக்கும் பக்கம் நீர் செல்லும் என்ற இந்தச் சிறிய உண்மையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது நமக்குப் பயன்படும்.

அத்தகைய குப்பம் ஒன்றில் ஏழு மாதக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். தகப்பன் வலையோடு போயிருக்கிறான். அக்கம்பக்கத்தார் வந்து பார்க்கிறார்கள். "பல்லு முளைக்கிற பருவம், பேதி ஆகத்தான் செய்யும்" என்கிறார் ஒருவர். "தண்ணி குடுத்தா இன்னும் அதிகமாப் போகும். வயித்தைக் காயப் போடு" என்கிறார் இன்னொருவர். பழவேற்காட்டில் மட்டுமல்ல, தமிழகத்தின் எந்த ஊரிலும் இப்படிச் சொல்பவர்கள் உண்டு. இவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. குடலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று மேல்நாட்டு மருத்துவ நூல்களும் நெடுங்காலம் எழுதிவந்தன. அந்த எண்ணம் தவறு என்று அறிவியல் எவ்வாறு கண்டுகொண்டது? அந்த வரலாற்றைத்தான் இங்கே காணப் போகிறோம்.

குழந்தை ஏன் விரைவில் வாடுகிறது?

வளர்ந்த மனிதனின் எடையில் சுமார் 60 விழுக்காடு நீர். பிறந்த குழந்தையின் எடையிலோ ஏறத்தாழ 75 விழுக்காடு நீர். 5 கிலோ எடையுள்ள ஒரு குழந்தை அரை லிட்டர் நீரை இழந்தால், தன் எடையில் பத்தில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. அது உயிருக்கு ஆபத்தான நிலை. சில முறை நீர் நீராகப் போய், இரண்டு மூன்று முறை வாந்தியும் எடுத்தால் ஒரே நாளில் இந்த நிலை வந்துவிடலாம். கண்கள் குழி விழுகின்றன. உச்சிக்குழி உள்வாங்குகிறது. அழுதாலும் கண்ணீர் வருவதில்லை. பெரும்பாலும் குழந்தையைக் கொல்வது கிருமியன்று. உடலைவிட்டு வெளியேறிய நீரும் உப்புமே.

1831இல் தொடங்கிய கதை

1831ஆம் ஆண்டு பிரிட்டனில் காலரா பரவியது. அப்போது 22 வயதே ஆன வில்லியம் ஓஷானசி என்ற மருத்துவர் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தார். அதில் நீரும் உப்பும் பெரிதும் குறைந்திருந்தன. இழந்ததைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று அவர் எழுதினார். 1832இல் தாமஸ் லாட்டா என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் உப்பு நீரை நோயாளிகளின் இரத்தக் குழாயிலேயே செலுத்தினார். சாகக் கிடந்தவர்களில் சிலர் எழுந்து உட்கார்ந்தனர். ஓஷானசி பின்னர் கல்கத்தாவுக்கு வந்தார். இந்தியாவில் தந்திக் கம்பிகளை அமைத்தவரும் அவரே என்பது குறிப்பிடத்தக்கது.

ஆனால் இரத்தக் குழாய் வழியாக உப்பு நீரை ஏற்ற ஊசி வேண்டும், கிருமி நீக்கிய திரவம் வேண்டும், பழகிய கை வேண்டும். இவை நகரத்து மருத்துவமனையில் கிடைக்கும். சாலையும் இல்லாத தீவுக் கிராமத்தில் எப்படிக் கிடைக்கும்? "அதே உப்பு நீரை வாயால் குடிக்கக் கொடுத்தால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். கொடுத்துப் பார்த்தார்கள், பயன் இல்லை. வெறும் உப்பு நீர் குடலில் தங்காமல் வெளியேறிவிட்டது. நோயுற்ற குடலால் எதையும் உறிஞ்ச முடியாது என்றே பலரும் முடிவு கட்டினர்.

குடலில் மூடாத ஒரு கதவு

இந்த முடிவு தவறு என்பதற்கான சான்றுகள் ஒவ்வொன்றாக வந்தன. 1953இல் கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி, காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழி கொடுத்து வெற்றி கண்டதை 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார். அந்நாளில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1959இல் அதே கல்கத்தாவில் சம்புநாத் டே, காலராக் கிருமி வெளியிடும் ஒரு நச்சுப்பொருளே குடலிலிருந்து நீரை வெளியேறச் செய்கிறது என்பதை மெய்ப்பித்தார். 1960இல் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, சிறுகுடலின் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் ஒன்றாகச் சேர்ந்தே உள்ளே நுழையும் ஒரு வழி இருப்பதாக அறிவித்தார்.

இதை ஓர் உவமையால் விளக்கலாம். சிறுகுடலின் சுவரில் பல கதவுகள் இருப்பதாகக் கொள்வோம். உப்பு தனியே நுழையும் கதவைக் காலராவின் நச்சு அடைத்துவிடுகிறது. ஆனால் பக்கத்தில் இன்னொரு கதவு உண்டு. உப்பும் சர்க்கரையும் கைகோத்து வந்தால்தான் அது திறக்கும். நச்சினால் அந்தக் கதவை மூட முடிவதில்லை. இரண்டும் உள்ளே போனதும் என்ன நடக்கும்? கருவாட்டை நினைத்துப் பாருங்கள். உப்பு சென்ற பக்கம் நீரும் பின்தொடர்கிறது. குடலிலிருந்த நீர் உடலுக்குள் சேர்கிறது.

இதில் அளவு மிக முக்கியம். கரைசலில் உப்போ சர்க்கரையோ மிகுந்தால், மீனிலிருந்து நீர் கசிவதுபோல் உடலின் நீரே குடலுக்குள் இழுக்கப்படும். 1960களின் தொடக்கத்தில் மணிலாவில் நடந்த ஒரு சோதனையில் தவறான விகிதத்தால் சில நோயாளிகள் உயிரிழந்தனர். 1968இல் டாக்காவில் டேவிட் நேலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இளம் மருத்துவர்கள் சரியான அளவைக் கண்டு, வெளியேறும் நீருக்கு ஈடாகக் கரைசலைக் கொடுத்தனர். இரத்தக் குழாய் வழியாக ஏற்ற வேண்டிய நீரின் தேவை 80 விழுக்காடு குறைந்தது.

போன்காவ் முகாமில் நடந்தது

மருத்துவமனைக்குள் மெய்யானது வெளியிலும் மெய்யாகுமா? 1971இல் அதற்கு விடை கிடைத்தது. வங்கதேச விடுதலைப் போரின்போது சுமார் ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தனர். எல்லையருகே போன்காவ் என்ற ஊரில் காலரா பரவியது. அங்கிருந்த சிறிய மருத்துவமனையில் நோயாளிகள் தரையெல்லாம் கிடந்தனர். அவர்களுக்குச் சிகிச்சை அளிக்கச் சென்றவர் திலீப் மகலனாபிஸ் என்ற குழந்தை மருத்துவர். ஏற்றுவதற்கு வைத்திருந்த உப்பு நீர் சில நாட்களில் தீரும் நிலை வந்தது.

அவர் துணிந்து ஒரு முடிவு செய்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாதாரண உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கல்கத்தாவில் பொட்டலங்கள் தயாராயின. முகாமில் குழாய் வைத்த பீப்பாய்களில் அவை கரைக்கப்பட்டன. குடிக்கக் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? நோயாளிகளின் தாய்மார்களும் உறவினர்களுமே. 100 பேரில் 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், வாய்வழிக் கரைசல் கொடுத்த பிறகு இறப்பு 100க்கு 4க்கும் கீழே இறங்கியது. மருந்தைக் கொடுக்க மருத்துவரே வேண்டும் என்ற எண்ணம் அந்தத் தரையில்தான் உடைந்தது. மகலனாபிஸ் 2022இல் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது.

1975இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஒரே அளவுள்ள கரைசலை ஏற்றன. அதுவே இன்று நாம் ஓ.ஆர்.எஸ். என்று அழைக்கும் பொட்டலம். 2002இல் அதன் அளவு திருத்தப்பட்டது. ஒரு லிட்டருக்கு உப்பு 3.5 கிராமிலிருந்து 2.6 கிராமாகவும், குளுக்கோஸ் 20 கிராமிலிருந்து 13.5 கிராமாகவும் குறைக்கப்பட்டன. இதனால் பேதியும் வாந்தியும் முன்னைவிடக் குறைந்தன.

வங்கதேசத்தில் 'பிராக்' என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை வீடு வீடாகச் சென்று, ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களில் இதைக் கற்பித்தது. மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். கற்பித்த பெண்களுக்குச் சம்பளம் எப்படித் தெரியுமா? பிறகு போய்க் கேட்கும்போது தாய்மார்கள் எவ்வளவு சரியாக நினைவில் வைத்திருக்கிறார்களோ, அதற்கேற்பச் சம்பளம்!

ஏரிக்கரைத் தாய்க்கு

இந்த வரலாறு நம் ஏரிக்கரைத் தாய்க்கு என்ன சொல்கிறது?

முதலாவது: வயிற்றைக் காயப் போடக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. வழக்கத்தைவிட அடிக்கடி கொடுக்க வேண்டும். ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு உப்பிட்ட நீர்த்த அரிசிக் கஞ்சியும் நல்லது. அரிசியின் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக மாறி, நாம் முன்பு கண்ட அதே கதவைத் திறக்கிறது.

இரண்டாவது: முதல் பேதியிலிருந்தே ஓ.ஆர்.எஸ். கொடுக்கத் தொடங்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி வரை, கரண்டியால் சிறிது சிறிதாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பொட்டலம் இல்லாத வேளையில் ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். தேக்கரண்டி என்பது 5 மில்லி கொள்வது.

மூன்றாவது, ஏரிக்கரைக்கே உரியது: பொட்டலத்தின் அளவு நல்ல குடிநீருக்காகக் கணக்கிடப்பட்டது. உவர்ப்பான கிணற்று நீரில் கரைத்தால் உப்பு மிகுந்துவிடும். உவர்ப்பு காய்ச்சினாலும் போகாது, கிருமிதான் சாகும். ஆகவே குடத்தில் பிடித்து வைத்த நல்ல தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, அதில்தான் கரைக்க வேண்டும். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைப்பதும் இதே தவறுதான்.

கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகா. அவற்றில் சர்க்கரை மிகுதி, உப்பு குறைவு. அத்தகைய பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது.

மலத்தில் இரத்தம், எதையும் குடிக்க முடியாமை, எழுப்பினாலும் எழாத மயக்கம், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்புதல், சிறுநீர் வெகுவாகக் குறைதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் காத்திருக்க வேண்டாம். பழவேற்காட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ பொன்னேரி அரசு மருத்துவமனைக்கோ உடனே புறப்படுங்கள். குழந்தை விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் படகிலும் பேருந்திலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே செல்லுங்கள். பேதி கண்ட குழந்தைக்கு இரு வாரம் துத்தநாக மாத்திரையும் கொடுக்க வேண்டும் என்று 2004 முதல் உலக சுகாதார நிறுவனம் கூறிவருகிறது. அதன் அளவைச் செவிலியரிடம் கேட்டறியலாம்.

1980ஆம் ஆண்டையொட்டி உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 46 லட்சம் குழந்தைகள் ஆண்டுதோறும் வயிற்றுப்போக்கால் இறந்ததாக மதிப்பிடப்பட்டது. 2024இல் உலக சுகாதார நிறுவனம் கூறிய கணக்கு 4 லட்சத்துக்குச் சற்று மேல். தூய நீர், கழிப்பறை, தாய்ப்பால், ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து ஆகியவற்றோடு இந்தக் கரைசலுக்கும் அதில் பெரும் பங்குண்டு. எஞ்சிய 4 லட்சத்தையும் தடுக்கப் புதிய கண்டுபிடிப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் பொட்டலம் ஒன்றை எப்போதும் வைத்திருங்கள். அதைக் கரைக்கும் முறையை அடுத்த வீட்டுத் தாய்க்கும் சொல்லிக் கொடுங்கள்.