ஒரு வாய்க்கு ஒரு நிமிடம்

அமெரிக்காவில் ஹோரஸ் ஃபிளெட்சர் என்று ஒரு வியாபாரி இருந்தார். 1849இல் பிறந்தவர். நல்ல வசதி, ஊர் ஊராகச் சுற்றியவர், சாப்பாட்டுப் பிரியர். உடம்பு கூடிப்போனதால் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் அவருக்குக் காப்பீடு தர மறுத்துவிட்டது. மனுஷனுக்கு அது பெரிய அவமானமாகப் போயிருக்க வேண்டும். அதன்பிறகு அவர் கண்டுபிடித்த வைத்தியம் ரொம்பச் சாதாரணமானது: மெல்லுவது. வாயில் போட்டது தண்ணீராகித் தானாக இறங்கும்வரை மெல்லுவது. பாலையும் சூப்பையும்கூட வாயில் வைத்துச் சுழற்றிவிட்டுத்தான் விழுங்க வேண்டும் என்றார். எடை இறங்கியது. அவர் அதைப் புத்தகமாக எழுதினார், மேடையேறிப் பேசினார். யேல் பல்கலைக்கழகத்தில் ரஸல் சிட்டன்டன் அவரை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் பரிசோதித்தார். பேட்டில் கிரீக்கில் கெல்லாக் நடத்திய ஆரோக்கிய விடுதியில் நோயாளிகள் கூட்டமாக உட்கார்ந்து மென்றார்கள். நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் பல வருஷம் இப்படிச் சாப்பிட்டார். அவருடைய அண்ணன் வில்லியம் ஜேம்ஸ், உளவியல் பேராசிரியர், மூன்று மாதத்தில் விட்டுவிட்டார்.

ஃபிளெட்சர் 1919இல் இறந்தார். அதற்குள் கலோரி எண்ணும் பழக்கம் வந்துவிட்டது. மெல்லும் இயக்கம் ஒரு பழைய நகைச்சுவையாகச் சுருங்கிப்போனது.

அந்த நகைச்சுவை எண்பது, தொண்ணூறு வருஷம் கழித்து அறுவை சிகிச்சை மருத்துவர்கள் கையில் தரும் தாளாகத் திரும்பி வந்த கதைதான் இந்தக் கட்டுரை. இரைப்பையில் சிலிகோன் வளையம் பொருத்திக்கொண்டவர்களுக்கு மெல்போர்னில் பால் ஓபிரையனின் குழு சொன்ன விதி ஏறக்குறைய இதுதான்: நக அளவுக்கு ஒரு வாய், 20 வினாடி மெல்ல வேண்டும், விழுங்கியபின் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும், 20 நிமிடத்துக்கு மேல் தட்டின் முன்னால் இருக்கக்கூடாது. கணக்குப் போட்டால் ஒரு வேளைக்கு இருபது வாயைத் தாண்டாது. மொத்தம் அரைக் கோப்பை சாப்பாடு.

இவ்வளவும் ஒருவர் வளையமே இல்லாமல் செய்யலாமே, அப்புறம் எதற்கு அறுவை என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பதில் அவ்வளவு சுலபம் இல்லை.

உடல் பருமனுக்குக் கத்தி எடுத்தவர்கள் முதலில் கைவைத்தது குடலில். 1954இல் மினசோட்டாவில் கிரெமனும் லின்னரும் நாய்களில் செய்த சோதனையை வெளியிட்டார்கள். சிறுகுடலின் பெரும்பகுதியைச் சுற்றிக் குறுக்குவழி போட்டுவிட்டால், சாப்பிட்டது உடம்பில் சேராமல் போய்விடும். சாப்பிடுகிறவர் எதையும் மாற்றவேண்டாம், வேண்டிய அளவு சாப்பிடலாம். 60களிலும் 70களிலும் பல ஆயிரம் பேர் இந்த வாக்குறுதியை நம்பிப் படுத்தார்கள். ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், சிலருக்குக் கல்லீரலே செயலிழப்பு. இந்த முறை கைவிடப்பட்டது. அதே காலத்தில் தாடையைக் கம்பியால் கட்டிவிடும் வைத்தியமும் நடந்தது. கம்பி இருக்கும்வரை எடை இறங்கும், கழற்றினால் ஏறும். ஐயோவாவில் எட்வர்ட் மேசன் வேறு இடத்தில் பார்த்தார். அல்சருக்காக இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டியெடுத்த பெண்கள் மெலிவதைக் கவனித்து, 1966இல் இரைப்பைக் குறுக்குவழி அறுவையைத் தொடங்கினார். இன்றுவரை நிலைத்திருப்பது அவருடைய வழியின் வாரிசுகள்தான். ஆனால் அது வெட்டு, தையல், திரும்ப முடியாத பாதை.

வளையத்தின் கவர்ச்சி அங்கேதான். எதையும் வெட்ட வேண்டாம். நியூ ஜெர்சியில் வேலைசெய்த லுபோமிர் குஸ்மாக் 1986இல் பொருத்தத் தொடங்கிய வளையத்தை ஒரு பொறியாளனாகப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது. இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி ஒரு சிலிகோன் பெல்ட். அதன் உட்பக்கம் ஒரு பலூன். பலூனிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் புதைத்த சிறு குமிழில் முடியும். மருத்துவர் தோல் வழியாக அந்தக் குமிழில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும், உறிஞ்சினால் தளரும். சில மில்லிலிட்டரில் மொத்தப் பசியின் கட்டுப்பாடு. ஸ்வீடனிலும் ஹால்பெர்க், ஃபோர்செல் இருவர் இதே காலத்தில் இதே யோசனைக்கு வந்திருந்தார்கள். யார் முந்தி என்ற வழக்கமான சண்டையை இங்கே விட்டுவிடுவோம்.

வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் சிறு துளைகள் வழியாக இந்தச் சரிசெய்யக்கூடிய வளையத்தை முதலில் ஒரு மனிதருக்குப் பொருத்தியவர் மிட்டிகு பெலாச்சு. 1993 செப்டம்பர் 1, பெல்ஜியத்தின் ஹுய் என்ற சிறிய ஊர். பெலாச்சு எத்தியோப்பியாவில் ஆடு மேய்த்த பையன். படிக்க பெல்ஜியம் வந்து அங்கேயே மருத்துவரானவர். உலகம் 80களில் பஞ்சத்தின் படங்களாக மட்டுமே பார்த்த ஒரு நாட்டிலிருந்து வந்தவர், சாப்பாட்டைக் குறைக்கும் கருவியை ஐரோப்பாவில் பொருத்தினார். இதில் முரண் இருப்பதாகச் சொல்லி நிறுத்திக்கொள்வது சுலபம். சிறுவயதில் பசி எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருவர் பசியை வேலையாக எடுத்துக்கொண்டதில் எனக்கு முரண் எதுவும் தெரியவில்லை.

2001இல் அமெரிக்க உணவு மருந்து ஆணையம் லேப்-பேண்டுக்கு அனுமதி தந்தது. அடுத்த பத்து வருஷம் வளையத்தின் பொற்காலம். ஆஸ்திரேலியாவில் எடைக்குறைப்பு அறுவை என்றாலே வளையம்தான் என்றாகியது. நம் பக்கத்துக்கும் வந்தது.

என் அத்தை ஒருவர் அந்த அலையில் போட்டுக்கொண்டவர். முதல் இரண்டு வாரம் தண்ணீர் ஆகாரம், பிறகு அரைத்துக் கூழாக்கியது, பிறகு மசித்தது, ஒன்றரை மாதம் கழித்துத்தான் வழக்கமான சாப்பாடு. அதன்பிறகுதான் முதல் உப்புநீர் ஊசி. உண்மையான பழகல் அந்த ஊசிக்குப் பிறகுதான் ஆரம்பிக்கும் என்பதை யாரும் அவருக்கு அழுத்திச் சொல்லவில்லை. சோறு உருண்டையாக ஒட்டிக்கொண்டு வளையத்தின் மேல் நிற்கும். ரொட்டி மாவாகித் திரளும். ஆட்டிறைச்சி நார் நாராகச் சிக்கும். சிக்கினால் நெஞ்சுக்கு நடுவில் கல் வைத்த மாதிரி ஒரு வலி, வாயில் எச்சில் நுரையாகப் பொங்கும், எழுந்து ஓட வேண்டும். "இறங்கலடா, அங்கேயே உக்காந்திருக்கு" என்பார். சாப்பாட்டைப் பற்றி யாரோ வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி.

கையால் சாப்பிடுகிறவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் இருக்கிறது. நம் விரல்கள் பிடிக்கும் கவளம் தலைமுறைகளாகப் பழகிய அளவு. மூளை யோசிப்பதற்குள் கை உருட்டிவிடும். நக அளவு கவளத்தைக் கை உருட்டாது. அத்தை காப்பிக் கரண்டிக்கு மாறினார். கல்யாண வீட்டில் வாழையிலை முன்னால் காப்பிக் கரண்டியோடு உட்கார்ந்தால் என்ன ஆகும்? பரிமாறுகிறவர் நின்று பார்ப்பார். பக்கத்து இலைக்காரம்மா, "ஏன்மா, சாப்பாடு புடிக்கலையா?" என்பார். ஒரு வாய்க்கு ஒரு நிமிடம் காத்திருப்பவருக்கு முன்னால் பந்தி காத்திருக்காது. அடுத்த பந்திக்கு ஆள் பின்னால் நிற்கும்.

ஆனால் தேத்தாரேக் சுலபமாக இறங்கும். மைலோ ஐஸ் இறங்கும். ஐஸ்கிரீம், சாக்லேட், வாயில் கரையும் முறுக்கு எல்லாம் இறங்கும். வளையம் வழியை மட்டும்தான் குறுக்கும், வருவது என்ன என்று பார்க்காது. ஒரு கோழித்துண்டைத் தடுத்து, ஒரு டம்ளர் கெட்டிப்பாலை அனுப்பிவிடும். இறுக்கமாக வளையம் வைத்துக்கொண்டவர்கள் காய்கறியையும் இறைச்சியையும் விட்டுவிட்டு, மென்மையான இனிப்பு ஆகாரத்துக்கு நகர்ந்துபோவதை எல்லா நாட்டு மருத்துவர்களும் பார்த்தார்கள். எடை நின்றுவிடும், சிலசமயம் ஏறும். மருத்துவர் இன்னும் கொஞ்சம் இறுக்குவார். இறுக்கினால் கெட்டி உணவு இன்னும் இறங்காது, இனிப்பு இன்னும் கூடும்.

இந்த இடத்தில் ஒரு தவறான வரைபடம் ஒளிந்திருக்கிறது என்பது என் கருத்து. ஆரம்ப காலத்தில் நோயாளிக்குச் சொன்ன விளக்கம் இது: வளையத்துக்கு மேலே ஒரு சின்னப் பை இருக்கும், அது சீக்கிரம் நிரம்பும், பிறகு மணல் கடிகாரம்போல் மெதுவாகக் கீழே வடியும், அதுவரை பசிக்காது. இதைத் தொட்டி மாதிரி என்று சொல்லலாம். கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது, நானும் அப்படித்தான் வரைந்திருப்பேன். 2010ஐ ஒட்டிய வருஷங்களில் மெல்போர்னில் பால் பர்ட்டன் வளையம் போட்டவர்களை எக்ஸ்ரேக்கு முன்னால் சாப்பிட வைத்து, உணவுக்குழாயின் அழுத்தத்தையும் கூடவே அளந்தார். நன்றாக வேலைசெய்யும் வளையத்தில் உணவு மேலே தங்கவே இல்லை. உணவுக்குழாய் ஒரே கவளத்தைத் திரும்பத் திரும்பப் பிழிந்து, கொஞ்சம் கொஞ்சமாக வளையத்தைத் தாண்டித் தள்ளியது. ஒரு கவளத்துக்குப் பல அலைகள். அதற்கு ஆகும் நேரம்தான் அந்த ஒரு நிமிடம்.

ஆக இது பம்பு, தொட்டி அல்ல. முந்தைய வாய் தாண்டுவதற்குள் அடுத்த வாய் வந்தால் மேலே தேங்கும். தேங்கத் தேங்க அந்த இடம் ஊதிப் பெருக்கும், இரைப்பை வளையத்துக்கு மேலே வழுகி ஏறும், கடைசியில் மறு அறுவை. மேலே இருக்கும் பையை நிரப்பு என்று சொல்லித் தந்திருந்தால், கருவியைக் கெடுக்கச் சொல்லித் தந்திருக்கிறோம் என்று அர்த்தம். ஒவ்வொரு முறை உணவு தாண்டும்போதும் வளையம் அந்த இடத்து நரம்புகளை அழுத்துகிறது, பசி அடங்குவது அதனால்தான் என்றார் ஓபிரையன். அவர் கணக்கில் வளையத்தின் வேலை தடுப்பது அல்ல, போதும் என்று சொல்ல வைப்பது.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழில் இதற்கு ஒரு அருமையான சொல் வைத்திருக்கிறோம். "பசியாறிட்டீங்களா?" என்று கேட்கிறோம். வயிறு நிறைந்ததா என்று இந்தக் கேள்வி கேட்பதில்லை. சூடாக இருந்த ஒன்று ஆறிவிட்டதா என்று கேட்கிறது. நிறைவதும் ஆறுவதும் வேறு வேறு. வளையம் போட்ட பலருக்கு வயிறு நிறைந்தும் பசி ஆறாத நிலை இருந்தது. சிலருக்கு, அரைக் கோப்பையில், ஆறியது.

எத்தனை பேருக்கு? இங்கேதான் இரண்டு ஆய்வுகள் நேருக்கு நேர் மோதுகின்றன. 2011இல் பிரஸ்ஸல்ஸிலிருந்து ஜாக் ஹிம்பென்ஸ் குழு வெளியிட்ட கட்டுரை: 1994 முதல் 1997 வரை வளையம் போட்ட 151 பேரில், பன்னிரண்டு வருஷம் கழித்துத் தேடிப் பிடிக்க முடிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வளையத்தை எடுத்தாகிவிட்டது. நான்கில் ஒருவருக்கும் மேலாக வளையம் இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே போயிருந்தது. 2013இல் ஓபிரையன் குழு 3227 பேரின் கணக்கைத் தந்தது: பதினைந்து வருஷம் கழித்தும் கூடுதல் எடையில் 47 சதவீதம் போனது போனபடி இருந்தது, வளையம் எடுக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 6 சதவீதம்தான். ஒரே வகைக் கருவி, ஒரே வகை வயிறு. எப்படி இவ்வளவு வித்தியாசம்?

பொருத்தும் நுட்பம் இடையில் மாறியது என்பது ஒரு காரணம். பிரஸ்ஸல்ஸ் கணக்கு பழைய நுட்பத்தினுடையது, அதில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களே திரும்பக் கிடைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மெல்போர்ன் கணக்கு வளையத்தை முன்னின்று வளர்த்தவர்களுடையது, அதையும் மறக்கக்கூடாது. இதையெல்லாம் கழித்தபிறகும் ஒன்று மிஞ்சுகிறது. மெல்போர்னில் அறுவைக்குப் பிறகு வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப வரச்சொன்னார்கள். சாப்பிடக் கற்றுத் தந்தார்கள், மறந்தால் மறுபடி கற்றுத் தந்தார்கள். பல இடங்களில் வளையம் ஒரு பொருளாக விற்கப்பட்டது. பொருத்தினோம், காசு வாங்கினோம், அடுத்த ஆள். பிறகு எடை இறங்காதபோது கோப்பில் எழுதுவதற்கு ஒரு வரி தயாராக இருந்தது: நோயாளி ஒத்துழைக்கவில்லை.

அந்த வரிமேல்தான் எனக்குக் கோபம். ஒரு வால்வு இருபதில் பத்து இடத்தில் வேலைசெய்யவில்லை என்றால் நான் தண்ணீரைக் குற்றம்சொல்லி அறிக்கை எழுத முடியாது. அத்தையும் பல வருஷம் தன்னைத்தான் திட்டிக்கொண்டார். "எனக்கு வாய்க்கட்டு இல்லடா." வாயைக் கட்ட முடியாதவர்களுக்காகத்தானே அந்தக் கருவியையே செய்தார்கள்? மன உறுதியே தேவையில்லை என்று விற்ற பொருள், ஒவ்வொரு வாய்க்கும் ஒரு நிமிட மன உறுதி கேட்டது. இன்னொன்று, பிரஸ்ஸல்ஸ் ஆய்வில் அத்தனை பாடுபட்டவர்களிலும் பத்துக்கு ஆறு பேர் திருப்தி என்றுதான் சொல்லியிருந்தார்கள். இந்த எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது என்று பல நாள் யோசித்தேன். கொஞ்ச காலமாவது பசி ஆறி இருந்ததற்கான நன்றியாக இருக்கலாம்.

இதற்கிடையில் வளையத்தின் அடித்தளமே வேறு இடத்திலிருந்து ஆட்டம் கண்டது. 1999இல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் இரைப்பை சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள், பசியைத் தூண்டுவது. இரைப்பை ஒரு பை மட்டும் அல்ல, அது ஓயாமல் மூளையோடு பேசிக்கொண்டிருக்கும் சுரப்பியும்கூட. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுக்கும் ஸ்லீவ் அறுவை கிரெலின் சுரக்கும் இடத்தையும் சேர்த்து எடுத்துவிடுகிறது. வளையம் அங்கே எதையும் தொடுவதில்லை. அமெரிக்காவில் 2011இல் எடைக்குறைப்பு அறுவைகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் வளையமாக இருந்தது, 2018இல் நூற்றில் ஒன்று. 2021இல் செமகுளூடைட் ஊசிக்கு எடைக்குறைப்புக்கான அனுமதி வந்தபிறகு பேச்சே மாறிவிட்டது. மலேசியாவில் 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 54.4 சதவீதம் பேர் கூடுதல் எடையோ பருமனோ உள்ளவர்கள். அவர்களிடம் இப்போது போய் வளையம் என்றால் மோதிரத்தைத்தான் நினைப்பார்கள்.

லேப்-பேண்ட் கைமாறிக்கொண்டே போனது. இனமெட்டிடமிருந்து அலர்கனுக்கு, 2013இல் அப்போலோ எண்டோசர்ஜரிக்கு, 2018இல் ரீஷேப்புக்கு. பொருத்திக்கொண்டவர்களின் வயிற்றில் அது அப்படியே இருக்கிறது. உப்புநீர் ஏற்றி இறக்கிப் பழகிய மருத்துவர்கள் குறைந்துவருகிறார்கள். இளம் மருத்துவர்கள் பலரும் வளையத்தை எடுக்க மட்டுமே கற்றுக்கொள்கிறார்கள். அத்தையின் வளையத்தில் இப்போது தண்ணீர் இல்லை, தளர்த்தியாகிவிட்டது. எடுக்க இன்னொரு அறுவை வேண்டாம் என்று விட்டுவைத்திருக்கிறார். தோலுக்கு அடியில் குமிழ் இன்னும் கைக்குத் தட்டுப்படுமாம். கையால்தான் சாப்பிடுகிறார், கவளம் மட்டும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை.