குறி பார்த்துச் சுடுவதா, பார்க்காமல் சுடுவதா?

காலேஜில் என்.சி.சி. கேம்ப் போனபோது பாயிண்ட் 22 ரைஃபிளைக் கையில் கொடுத்து, "மூச்சை அடக்கு, முன்சைட்டைப் பாரு, ட்ரிக்கரை மெதுவா அழுத்து" என்று உயிரை எடுப்பார்கள். எதிரே இருந்தது பேப்பர். அது திருப்பிச் சுடாது என்பது அப்போது உறைக்கவில்லை.

திருப்பிச் சுடுகிற ஆள் எதிரே நின்றால்? இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியவர் வில்லியம் ஃபேர்பெர்ன். 1907இல் ஷாங்காய் முனிசிபல் போலீஸில் சேர்ந்த ஆங்கிலேயர். அவரும் எரிக் சைக்ஸும் 1942இல் எழுதிய புத்தகம் 'ஷூட்டிங் டு லிவ்'. பன்னிரண்டரை வருஷத்தில் அந்தப் போலீஸுக்கும் ஆயுதக் கும்பல்களுக்கும் 666 மோதல்கள் என்று அதில் கணக்கு சொல்கிறார்கள். பாதி வெளிச்சம், குறுகலான சந்து, சில கஜ தூரம். உயிர்பயத்தில் உடம்பு தானாகவே குனியும், கை இறுகும், கண் எதிராளியை விட்டு நகராது. அந்த நேரத்தில் சைட்டைத் தேடு என்றால் நடக்கிற காரியமா? அதனால் உடம்பு செய்வதையே பயிற்சியாக்கினார்கள். இரண்டு கண்ணையும் திறந்து வை, விரல் நீட்டுவது போலத் துப்பாக்கியை நீட்டு, சுடு. போரில் பிரிட்டிஷ் கமாண்டோக்களுக்கும் இதே பாடம்தான்.

அடுத்த காட்சி கலிபோர்னியா, பிக் பேர் ஏரி, 1950கள். ஜெஃப் கூப்பர் என்ற முன்னாள் மரைன் அதிகாரி நடத்திய போட்டி. ஏழு கஜ தூரத்தில் பலூன். யார் முதலில் உடைக்கிறார்களோ அவர் ஜெயித்தார். கூப்பர் உட்பட எல்லாரும் இடுப்பிலிருந்தே சுட்டார்கள். ஜாக் வீவர் என்ற போலீஸ்காரர் மட்டும் இரண்டு கையாலும் பிடித்து, கண் உயரத்துக்குத் தூக்கி, சைட் பார்த்துச் சுட்டார். கொஞ்சம் லேட்தான். ஆனா மத்தவங்க வேகமா மிஸ் பண்ணினாங்க, இவர் ஜெயிச்சார்! கூப்பர் தன் கொள்கையையே மாற்றிக்கொண்டார். 1976இல் அரிசோனாவில் அவர் தொடங்கிய பள்ளி வழியாக வீவர் பாணி உலகம் சுற்றியது.

பலூனும் திருப்பிச் சுடாதே என்று எதிர்க்கட்சி கேட்டது. நியாயம்தான்.

நம்ம பாணியில் ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். விரல் நீட்டுகிற மாதிரி சுடும்போது 3 டிகிரி பிசகுகிறது என்று வைத்துக்கொள்வோம். 3 மீட்டரில் குண்டு 16 செ.மீ. தள்ளிப் போகும், ஆள் மேல் பட்டுவிடும். 25 மீட்டரில் 131 செ.மீ.; பக்கத்தில் போகிறவன் மேல் படும். இரு சைட்டுக்கும் இடையே 15 செ.மீ. இருந்து, முன்சைட் 1 மி.மீ. விலகினால் 25 மீட்டரில் பிசகு 17 செ.மீ. மட்டும்.

ஆக, ரெண்டு பேர் சொன்னதும் சரி, தூரம்தான் வேற. ஃபேர்பெர்ன் புத்தகத்திலேயே இரண்டு கையால் பிடித்துச் சுடும் நிலையும் இருக்கிறது. அதை மறந்தது பின்னால் வந்த சீடகோடிகள்தான். ரெக்வயர்மென்ட் படிக்காமல் சொல்யூஷனுக்கு அடித்துக்கொள்வது நம்ம ஆபீஸில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். நமக்கு அதிகபட்சம் ஒரு ராத்திரி தூக்கம் போகும். அங்கே, தப்பான தூரத்துக்குப் பயிற்சி எடுத்த கான்ஸ்டபிளின் உயிரே போகும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது கூப்பர் செய்ததுதான். தன் போட்டியிலேயே, தன் முறை தோற்றதைப் பார்த்து, "சரி, நான் சொன்னது தப்பு" என்று மாறினாரே, அது சுடுவதை விடக் கஷ்டம்.